ரைஸ் குக்கருக்கு வைத்த பொட்டு

குணா,

நான் கட்டிக் குடுத்த சோத்துப் பையில, ஊறுகாய் டப்பாவுக்கு அடியில கடிதாசி இருக்கிறதைப் பார்த்ததும் பயந்துடாதே. வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். உங்கப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு, எனக்கு வாய் எப்பவும்போல நல்லா வேலை செய்யுது. ஆனா ஒரே ஒரு விசயத்தைச் சொல்ல மட்டும் இந்த வாய் வர மாட்டேங்குது. மூணு ஞாயித்துக்கிழமையா நானும் பார்க்கிறேன். நீ சுங்கை ஊடாங்கிலேர்ந்து வந்து, மோட்டார் சைக்கிளை நிறுத்திட்டு, "அம்மா, பசிக்குது"ன்னு உள்ள நுழைஞ்சதும் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்னுடுது. சோத்தைப் போடறேன், குழம்பை ஊத்தறேன், நீ ஏப்பம் விட்டுட்டுக் கிளம்பிடற. அதான் எழுதறேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்பு வரைக்கும் படிச்ச தமிழ்தான். பிழை இருந்தா நீ கட்டிக்கப்போற வாத்தியாரம்மாகிட்ட குடு, திருத்தட்டும். அவளும் படிச்சா நல்லதுதான்.

விசயம் இதான். போன மாசம் கல்யாணப் பத்திரிகை குடுக்க வேண்டியவங்க பேரை எழுதினோம்ல, அதுல லூபோக் சீனா காதர் நானா பேரை நான் எழுதினேன், நீ சிவப்புப் பேனாவால அடிச்சே. "அந்த ஏமாத்துக்காரருக்கு எதுக்கும்மா பத்திரிகை?"ன்னு கேட்டே. நான் தேத்தண்ணி கலக்க எழுந்து போயிட்டேன். அந்தப் பேரை அடிச்சது தப்பு குணா. தப்பு உன்னுது இல்ல, என்னுது. எப்படின்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள உனக்குச் சோறு ஆறிடும், அதனால சாப்பிட்டுக்கிட்டே படி.

நானாவை உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆனா நாலு வருசமா நீ அவரை வேற ஆளாப் பார்க்கிறதால பழசைக் கொஞ்சம் ஞாபகப்படுத்தறேன். முஸ்லிம் வீடுகள்ல அண்ணனை நானான்னு கூப்பிடுவாங்க, நம்ம தோட்டமே அவரை அப்படித்தான் கூப்பிட்டுச்சு. நான் நானான்னேன், அவர் என்னைத் தங்கச்சின்னார், நீ பேச ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அவரை மாமான்னுதான் கூப்பிட்டே. சட்டி பானை வாங்கினாலும் அவர் கடை, டார்ச்லைட்டுக்கு பேட்டரி வாங்கினாலும் அவர் கடை. தொண்ணூத்தொண்ணுல தோட்டத்தை விட்டு புக்கிட் ரம்பாய் தாமான் குடியிருப்புக்கு வந்தப்ப, நம்ம சாமானையெல்லாம் ஏத்திக்கிட்டு வந்தது அவரோட வேன்தான். அம்மிக்கல்லை எடுத்துக்கிட்டு வரக்கூடாதுன்னு உங்கப்பா சொன்னார். "அதையும் ஏத்துங்கலா, தங்கச்சி மூஞ்சியைப் பார்க்க முடியல"ன்னு நானாதான் ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கிப் போட்டார். அந்த மனுசனைத்தான் நாம இப்ப ஏமாத்துக்காரர்ங்கறோம்.

இந்தக் கதை மிக்சியிலேர்ந்து ஆரம்பிக்குது. உங்க சித்தப்பா இந்தியாவுக்குப் போயிட்டு வந்தப்ப துணிக்கு நடுவுல சுத்தி எடுத்துட்டு வந்தாரே, அந்த மிக்சி. அதோட பிளக்குக்கு உருண்டை உருண்டையா மூணு கால். நம்ம வீட்டு பிளக் ஓட்டையோ சதுரம். உங்கப்பா அந்தத் தலையை வெட்டிட்டு இந்த மலேசியா பிளக்கை மாட்டினார். அது வரைக்கும் சரி. இங்க பிளக்குக்குள்ள விரல் நகம் அளவுக்கு ஒரு பியூஸ் இருக்கும்ல, அது ரெண்டு வாட்டி போயிடுச்சு. மூணாவது வாட்டி புதுசு வாங்கச் சோம்பல்பட்டுக்கிட்டு, சிகரெட் பொட்டியில இருக்கிற வெள்ளித்தாளைக் கிழிச்சு அந்த பியூஸ் மேல சுத்தி உள்ள வச்சுட்டார். "பார்த்தியா, இனிமே போகவே போகாது"ன்னு நெஞ்சை நிமித்தினார். போகத்தான் இல்ல. தீபாவளிக்கு முந்தின நாள் வடைக்கு உளுந்து அரைச்சேன். மிக்சி திணறுச்சு, முனகுச்சு, புகை வந்துச்சு, பிளக் உருகி சுவத்துல கரி பிடிச்சுச்சு. வந்த சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் உங்கப்பா என்ன சொன்னார்? "இவ ஒரு படி உளுந்தை ஒரேயடியா அள்ளிப் போட்டுட்டா, மிசினுக்கு மூச்சு முட்டிப்போச்சு." எல்லாரும் சிரிச்சாங்க. மூணு தீபாவளிக்கு அதையே சொல்லிச் சிரிச்சாங்க. எனக்கு "கரண்டு மாமி"ன்னு பட்டப்பெயர் வேற. நானும் என் கைதான் ராசியில்லாத கைன்னு நம்பிட்டேன். சுவிட்சைத் தட்டறதுக்கே கை கூசும்.

அப்படி இருக்கையிலதான் நீ மொத சம்பளத்துல அந்த ரைஸ் குக்கரை வாங்கிட்டு வந்தே. சுங்கை ஊடாங் ஆலையில வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம், மூஞ்சி முழுக்கப் பல்லு. நானா கடையிலதான் வாங்கினே. "அம்மா, இனிமே வடிக்க வேணாம், கஞ்சி கையில கொட்டிக்க வேணாம், வெந்ததும் தானே டக்குன்னு நின்னுடும்"ன்னு நீ சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. மொத நாள் அந்த டக்கு சத்தத்தைக் கேக்கறதுக்காக அதுக்கு முன்னாலயே ஸ்டூல் போட்டு உக்கார்ந்திருந்தேன். பூவெல்லாம் போட்ட அந்த வெள்ளைக் குக்கர் மேல தூசி படக்கூடாதுன்னு துண்டு போட்டு மூடி வைப்பேன். பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், எதிர்வீட்டுக்காரிக்கும் காட்டினேன். ஒரு மாசம் தாமானுக்கே தெரியும் எம்பையன் எனக்குக் குக்கர் வாங்கிக் குடுத்திருக்கான்னு.

மறு மாசம் ஆயுத பூசை வந்துச்சு. நீ உன் மோட்டார் சைக்கிளைக் கழுவி மாலை போட்டுட்டு வேலைக்குப் போயிட்டே. உங்கப்பா தான் ஓட்டற லாரியைக் கழுவப் போயிட்டார். நான் வீட்டுல இருக்கிற ஆயுதத்தையெல்லாம் எடுத்து வச்சேன்: அருவாமனை, கத்தி, தேங்காய்த் துருவி, கத்திரிக்கோல். எல்லாத்தையும் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு வரிசையா அடுக்கினேன். அப்பதான் அது என் கண்ணுல பட்டுச்சு. தினமும் எனக்குச் சோறு போடறது எதுடா? அதுக்கு மட்டும் பூசை இல்லையா? மனசு கேக்கல. உள்சட்டியை மட்டும் கழுவினா அரைகுறையா இருக்கும்னு, முழுக் குக்கரையும் தூக்கிட்டுப் போயி குழாயடியில வச்சு, தேங்காநார் போட்டுத் தேய்ச்சு, கவுத்துப் போட்டு, நல்லாக் குளிப்பாட்டினேன். ஒரு மணி நேரம் வெயில்ல காய வச்சேன். அப்புறம் உடம்புக்கு மூணு பட்டை சந்தனம். உள்ள நடுவுல வட்டமா ஒரு பித்தான் மாதிரி இருக்கும்ல, சட்டி வச்சா அமுங்குமே, அதுதான் அதோட நெத்தின்னு முடிவு பண்ணி, அங்க ஒரு பெரிய சந்தனப் பொட்டு, அதுக்கு மேல குங்குமம். கூடவே வந்த புத்தகத்தையும் விடல. அதுவும் சாமி மேடையிலதானே பில்லோட இருந்துச்சு, அதுக்கும் அட்டையில ஒரு பொட்டு வச்சேன். உள்ள பிரிச்சுப் பார்த்தேனா? பார்த்திருந்தா மொத பக்கத்துலயே படம் போட்டிருக்கான்: குழாய்க்கு அடியில ஒரு குக்கர், அது மேல இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் சிவப்புல ரெண்டு கோடு. படிக்கத் தெரியாதவனுக்கும் புரியற படம்.

மறுநாள் காலையில அரிசியைப் போட்டு சுவிட்சைத் தட்டினேன். உள்ளேர்ந்து டப்புன்னு ஒரு சத்தம், மூக்குல ஏறுற மாதிரி ஒரு கருகல் நாத்தம், வீடு முழுக்கக் கரண்டு போயிடுச்சு. செத்துப்போயிடுவோம்னு இல்லடா, உங்கப்பா இதையும் நாலு தீபாவளிக்குச் சொல்வாரேன்னுதான் பயம். அதைவிட, உன் மூஞ்சியை எப்படிப் பார்க்கிறது? வேகவேகமா சந்தனத்தைத் துடைச்சேன், குங்குமத்தைச் சுரண்டினேன், துண்டு போட்டு மூடிட்டேன். நீ வந்து கேட்டப்ப, "நான் ஒண்ணுமே செய்யலப்பா, நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு கெட்டுப்போச்சு"ன்னு சொல்லிட்டேன். அந்தத் திடீர்னுங்கிற ஒரு சொல்லுதான் எல்லாத்துக்கும் காரணம்.

அடுத்த சனிக்கிழமை நடந்தது உனக்கே தெரியும், ஆனா உனக்குத் தெரிஞ்சது பாதிதான். மோட்டார் சைக்கிள்ல நீ முன்னால, நான் பின்னால, என் மடியில குக்கர். வழியெல்லாம் சொல்லிடலாம் சொல்லிடலாம்னு நினைச்சேன். ஹெல்மெட்டுக்குள்ள உன் காதுல விழாதுன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். கடையில நல்ல கூட்டம். தோட்டத்து சனம் முக்காவாசி அங்கதான் நின்னுச்சு. நீ குக்கரை மேசை மேல டமார்னு வச்சே. "தவுக்கே, இந்தக் குப்பையை நீங்களே வச்சுக்குங்க"ன்னே. தவுக்கே! சீனர் கடை முதலாளியைக் கூப்பிடற மாதிரி. மாமான்னு கூப்பிட்ட வாயி. நானா நிமிர்ந்து பார்த்தார். உன் சத்தம் அவருக்கு உறைக்கல, அந்தச் சொல்லுதான் உறைச்சுச்சு. அவர் மூஞ்சி சுருங்கினதை நான் பார்த்தேன், நீ பார்க்கல. "மொத சம்பளம்னு தெரிஞ்சுக்கிட்டே பழைய சரக்கைத் தலையில கட்டிட்டீங்க, நாங்க தோட்டத்து ஆளுங்க, ஒண்ணும் தெரியாதுன்னுதானே?"ன்னு நீ கத்தினே. கடையே திரும்பிப் பார்த்துச்சு. அவர் குக்கரைத் திறந்தார், அந்த நடு பித்தானைக் கட்டைவிரலால தடவினார், விரலைப் பார்த்தார். இடுக்குல ஒட்டிக்கிட்டிருந்த குங்குமம் விரல்ல செக்கச்செவேல்னு. அப்புறம் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். நான் வாயில கொழுக்கட்டையை வச்ச மாதிரி நின்னேன்.

"சரக்கு சரியில்லதான் தம்பி, மாத்திக் குடுத்துடறேன்"னு சொல்லி, மேலே இருந்து புதுசு ஒண்ணை எடுத்துத் துடைச்சு உன் கையில குடுத்தார். நீ நன்றிகூடச் சொல்லல. "இனிமே இந்தக் கடைப் படியை மிதிக்க மாட்டேன்"னு சொல்லிட்டு வெளியே வந்தே. சொன்ன சொல்லைக் காப்பாத்தறதுல நீ கெட்டிக்காரன், நாலு வருசமா மிதிக்கல. நானும் மிதிக்கல. நீ கோவத்துல மிதிக்கல, நான் வெக்கத்துல மிதிக்கல.

அதுக்கடுத்த வருசம்தான் நான் இங்க புக்கிட் ரம்பாய்ல பேக்டரிக்கு வேலைக்குப் போனேன். அயர்ன் பொக்ஸு, கெட்டில், குக்கர் எல்லாத்துக்கும் ஒயர் மாட்டற வேலை. கரண்டு மாமிக்குக் கிடைச்ச வேலையைப் பாருன்னு உங்கப்பா விழுந்து விழுந்து சிரிச்சார். அங்க ஒரு மூலையில, கெட்டுப்போயித் திரும்பி வந்ததைப் பிரிச்சுப் பார்க்கிற மேசை ஒண்ணு இருக்கு. அதுல வேலை பார்க்கிறவ ரொஹானி, என் வயசுதான், வாயாடி. ஒரு ஆள் குறைஞ்சப்ப என்னை அங்க உக்கார வச்சாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு சீட்டு தொங்கும், எப்படிக் கெட்டுச்சுன்னு வாங்கினவங்க சொன்னதை எழுதியிருக்கும். எல்லாச் சீட்டுலயும் ஒரே சொல்லு: தீபா-தீபா. மலாய்ல திடீர்னு. நம்ம காதுக்கு, யாரோ தீபாங்கிற பொண்ணு வீடு வீடாப் போயி எல்லாத்தையும் கெடுத்துட்டு வந்த மாதிரி இருக்கும். ரொஹானி ஒண்ணொண்ணாப் பிரிப்பா. உள்ளேர்ந்து கரப்பான்பூச்சிக் குடும்பம் ஓடும், காசு விழும், சோத்துப் பருக்கை கல்லு மாதிரி இருக்கும், ஒண்ணைச் சாய்ச்சா அரை டம்ளர் தண்ணி ஊத்துச்சு. "தீபா-தீபா!"ன்னு கத்திச் சிரிப்பா. ஒருநாள் ஒரு குக்கரைப் பிரிச்சவ மோந்து பார்த்து, "இது என்ன, வாசனையா இருக்கே?"ன்னு என்கிட்ட நீட்டினா. சந்தனம். யாரோ என்னை மாதிரி ஒருத்தி. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன், சிரிச்சுட்டு டாய்லெட்டுக்குப் போயி அழுதேன்.

அந்த மேசையிலதான் எனக்கு இன்னொண்ணும் தெரிஞ்சுச்சு. பியூஸு எதுக்கு இருக்குன்னு ரொஹானி சொன்னா. மிசினு திணறும்போது தான் எரிஞ்சு மிசினைக் காப்பாத்தறதுதான் அதோட வேலையாம். வெள்ளித்தாளைச் சுத்திட்டா மிசினுதான் எரியும். அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்கப்பாவைப் பிடிச்சேன் பாரு! "மூணு தீபாவளி, மனுசா, மூணு தீபாவளி!"ன்னேன். தலையைச் சொறிஞ்சுக்கிட்டே, "அப்படியா? உளுந்தும் கொஞ்சம் அதிகம்தான்"ங்கிறார். சிரிப்பு வந்துடுச்சு. ஆனா படுக்கப் போனப்ப சிரிப்பு போயிடுச்சு. செய்யாத தப்பைச் சுமக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே நானாவைச் சுமக்க விட்டேனே.

நீ பேரை அடிச்ச மறுநாள் லீவு போட்டுட்டு பஸ் ஏறி லூபோக் சீனாவுக்குப் போயிட்டேன். நானா கண்ணாடி போட்டுட்டார், தாடி முழுக்க நரைச்சுப்போச்சு. என்னைப் பார்த்ததும், "வா தங்கச்சி, பசியாறியாச்சா?"ன்னார், நேத்துப் பார்த்த மாதிரி. நான் உக்காரக்கூட இல்ல, எல்லாத்தையும் கொட்டிட்டேன். குளிப்பாட்டினது, பொட்டு வச்சது, பொய் சொன்னது. அவர் சிரிச்சார். "அன்னைக்கே தெரியும் தங்கச்சி. பிரிச்சுப் பார்த்தேன், பெருமாள் கோயில் மாதிரி மணந்துச்சு"ன்னார். ஏன் நானா சொல்லலன்னு கேட்டேன். "மொத சம்பளத்துல அம்மாவுக்கு வாங்கியாந்திருக்கான். அத்தனை பேருக்கு முன்னால உங்கம்மா பொய் சொல்றான்னு அவன்கிட்ட என்னைச் சொல்லச் சொல்றியா?" கடைக்குப் பின்னால கூட்டிட்டுப் போயிக் காட்டினார். அந்தப் பூப்போட்ட குக்கர்லதான் அங்க அடுப்படியில சோறு வெந்துக்கிட்டிருந்துச்சு! ரெண்டு நாள் காய வச்சு, சுண்டுவிரல் அளவு சாமான் ஒண்ணை மாத்தினாராம், அவ்வளவுதான். கடை ஆளுங்களுக்கு நாலு வருசமா அதுலதான் சோறு. சாப்பிட வச்சுத்தான் அனுப்பினார். கிளம்பும்போது, "தம்பிகிட்ட சொல்லிடாதே, கல்யாண நேரம், அவன் மனசு கசங்கும்"னார். கொஞ்சம் பொறுத்து மெதுவா, "அவன் இன்னும் என் மேல கோவமாத்தான் இருக்கானா?"ன்னு கேட்டார். பஸ் வந்துடுச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன் குணா.

உனக்குக் கல்யாணத்துல அஞ்சு ரைஸ் குக்கராவது வரும், எழுதி வச்சுக்கோ. ரெண்டு மிக்சி, ஆறு அயர்ன் பொக்ஸு. எது நின்னுபோனாலும் தூக்கிப் போடறதுக்கு முன்னால பிளக்கைத் திறந்து பியூஸைப் பாரு. சட்டியோட அடியைத் துணியால துடைச்சுட்டு வைக்கச் சொல்லு உன் வாத்தியாரம்மாவை, இல்ல, நீயே துடைச்சு வை. புத்தகத்தைப் படி, பொட்டு வைக்காதே. அதைவிட முக்கியம், அந்தப் பொண்ணு ஒண்ணைக் கெடுத்துட்டு உன் முன்னால வந்து நின்னா, சொந்தக்காரங்க முன்னால சொல்லிச் சிரிச்சுடாதே. சிரிச்சா அடுத்த வாட்டி தீபா வந்து கெடுத்துட்டுப் போனான்னு சொல்வா. உனக்குக் கோவம் சட்டுன்னு வரும், என் வயித்துல பொறந்தவன்தானே. கோவப்படு, தப்பில்ல. ஆனா என்ன நடந்துச்சுன்னு ரெண்டு வாட்டி கேட்டுட்டுக் கோவப்படு. அன்னைக்கு நீ என்னை ரெண்டாவது வாட்டி கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன், நினைக்கிறேன்.

இப்ப உனக்கு என் மேல கோவம் வரும். வரட்டும். இதைப் படிச்சப்புறம் என்னைப் பழைய மாதிரி பார்ப்பியோ மாட்டியோன்னு பயமா இருக்கு. ஆனா கல்யாண மேடையில நீ நிக்கும்போது நானா கூட்டத்துல இல்லன்னா, அதுக்கு நான்தான் காரணம்னு எனக்கு மட்டும் தெரிஞ்சிருக்க நான் எப்படி அட்சதை போடுவேன்? அதனால சனிக்கிழமை ஓ.டி. எடுக்காதே. காலையில வெள்ளனா வந்துடு, பத்திரிகையில அவர் பேரை நீயே உன் கையெழுத்துல எழுது. "காதர் மாமா குடும்பத்தினர்"னு எழுது. பதினோரு மணிக்குக் கடைக்குப் போவோம். ஏன் பதினோரு மணின்னா, அப்பதான் தோட்டத்து சனமெல்லாம் வந்து கடை நிறைஞ்சிருக்கும். ஆள் இல்லாத நேரமாப் பார்த்துப் போயி காதுல சொல்லிட்டு வர்றதுக்கு இது அந்த மாதிரி தப்பு இல்ல. நீ ஒண்ணும் பேச வேணாம். அன்னைக்கு நீ பேசினே, நான் பக்கத்துல சும்மா நின்னேன். இந்த வாட்டி நான் பேசறேன், நீ பக்கத்துல நில்லு.

அம்மா